எட்டாவது குவியல்

போன ஞாயிற்றுக்கிழமை என் கடைசி மகள் பரணில் ஏறி, தாத்தாவின் மரப்பெட்டியை இறக்கிவிட்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பாறைகளும் கனிமங்களும் என்று பாடம் நடக்கிறதாம். ஆளுக்கு ஐந்து கல் கொண்டுவர வேண்டுமாம். மூடியைத் திறந்ததும் பழைய டீசல் வாசம் அடித்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு பிட்டு வாங்கினால் கூடவே வரும் பெட்டி அது. பூமியைக் குடையும் இரும்புப் பல்லுக்குத்தான் பிட்டு என்று பேர். பெட்டிக்குள் பிளைவுட் துண்டு வைத்துக் கட்டம் கட்டமாகத் தடுத்தது நான்.

அவள் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இருவத்திநாலு கட்டம் இருக்குது. கல்லு இருவத்திமூணுதான். ஒண்ணு எங்கீங்கப்பா?"

நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "எல்லாம் வெளியூருக் கல்லாவே இருக்குது. நம்மூருக் கல்லு ஒண்ணுகூட இல்லீங்களே?"

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். சொல்லத் தொடங்கினேன், பட்டறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டான். லாரிக்கு பாடி கட்டுகிறவனுக்குப் பேசி முடிக்க நேரம் ஏது. அதனால் எழுதித் தருகிறேன், கண்ணு. நான் பத்தாவது வரைதான் படித்தவன், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். உன் வகுப்புப் பிள்ளைகளும் படிக்கட்டும். என் வயதுக்காரர்கள் யார் கையிலாவது இது கிடைத்தால், அந்தக் காலத்து ரிக் வண்டியின் சத்தம் உங்கள் காதில் இன்னும் இருக்கும். அதை மட்டும் கொஞ்சம் நினைத்துக்கொண்டு படியுங்கள்.

திருச்செங்கோட்டுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றில் தண்ணீர் இருந்தால் அந்த நிலத்துக்குத் தோட்டம் என்று பேர். வற்றிப்போனால் அதே நிலம் காடு. பத்திரத்தில் ஒன்றும் மாறாது, வாயில் மாறிவிடும். நான் ஏழாவது படித்த வருசம் எங்கள் கிணறு வற்றியது. முதலில் பக்கத்து வீட்டார் "காட்டுல என்ன வெச்சிருக்கீங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். அம்மா மட்டும் கடைசி வரை தோட்டம் என்றே சொன்னாள்.

வற்றிய கிணறு எனக்குப் பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் நின்ற காலத்தில் தெரியாத சுவர் எல்லாம் வெளியே தெரிந்தது. மேலே செம்மண். அதற்குக் கீழே சுக்கான் கல், சுண்ணாம்பு உருண்டை உருண்டையாகப் பிடித்தது மாதிரி. பிறகு கையால் உதிர்த்தாலே உதிரும் அழுகல் பாறை; அதில் காக்காப்பொன் தகடு தகடாக மினுக்கும். அதற்கும் கீழே கரும்பாறை, வெடி வைத்துப் பிளந்த தழும்போடு. அடியில் ஒரு குட்டை, குட்டையில் நாலு தவளை.

அந்த நேரத்தில்தான் பள்ளியில் வாத்தியார் பாறைப் பாடம் எடுத்தார். உள்ளே நெருப்பாய் உருகிக் கிடந்தது ஆறி இறுகியது ஒரு வகை. மண்ணும் மணலும் படிந்து இறுகியது ஒரு வகை. வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது ஒரு வகை. ஆளுக்கு ஐந்து கல் கொண்டுவரச் சொன்னார். நல்லதாக இருப்பதைக் கண்ணாடி அலமாரியில் வைப்பேன், கொண்டுவந்தவன் பேரும் எழுதுவேன் என்றார். பேர் என்றதும் எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

எனக்கு நாலு கல் கிடைத்துவிட்டது. கருங்கல், சுக்கான் கல், காக்காப்பொன், சட்டி குடைகிற மாக்கல். எல்லாம் எல்லாரிடமும் இருந்தவைதான். ஐந்தாவது, யாரிடமும் இல்லாததாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்குத் தம்பி, என் மாமா, ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே போகிற வழியில் ஒரு பகல் வண்டியை எங்கள் நிலத்தில் நிறுத்துவதாகச் சொல்லி அனுப்பினார். மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். கூடப் போகிற வண்டிகள் ரோட்டில் காத்திருக்கும். அதற்கு முந்தின நாள் தேங்காய்க்காரர் வந்து பார்த்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். நீரோட்டம் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பார்கள். எங்கள் கிணற்றுக்குக் கிழக்கே, ஒரு பூவரச மரத்தை ஒட்டி நின்றது. அந்த இடத்தில் அப்பா ஒரு குச்சி நட்டார்.

காலையில் வண்டி வந்தது. சாமி கும்பிட்டுத் துளை போட்டார்கள். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. வயிற்றுக்குள் ஒருவன் உட்கார்ந்து இடிக்கிற மாதிரி இருக்கும். கம்ப்ரசர் காற்று உள்ளே போய்ப் பாறைப் பொடியை மேலே வாரி இறைக்கும். பூவரச இலை எல்லாம் அரைமணி நேரத்தில் சாம்பல் நிறம். மாமா வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு லீவரைப் பிடித்து நின்றார். கண் மட்டும்தான் தெரிந்தது.

அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்.

"சாமி, நீதான கல்லுப் பாடம் படிக்கறவன். ஒவ்வொரு பைப்பு எறங்கறப்பவும் ரெண்டு கை பொடி அள்ளிப் போசில போட்டுக் கழுவு. தூசி போயி நிக்கற நொறுக்கை இந்தச் சாக்குல வரிசையா வெய்யி. மாத்தி வெச்சராத. அதைப் பாத்துத்தான் எல்லாம்."

ஒரு பைப் இருபது அடி. பொடி வருகிறபோது எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் இருக்கும்; கழுவினால்தான் நிறம் தெரியும். அதனால் கீழே என்ன பாறை என்பதை முதலில் பார்க்கிற கண் என்னுடையது. அன்றைக்கு எனக்கு அந்தப் பெருமை. பொடி கையில் சூடாக இருந்தது. பூமிக்குள்ளிருந்து வருவதால் சூடு என்று நினைத்தேன். பிட்டு இடித்த சூடு என்று பிறகு தெரிந்தது. கழுவும்போது முதல் மழை பெய்த மண்ணின் வாசம் வரும். நூறு அடிக்குக் கீழே ஏது மழை என்று ஆச்சரியப்பட்டேன்.

முதல் குவியல் சிவப்பு. இரண்டாவது மினுக்கும் அழுகல் பாறை. மூன்றிலிருந்து ஏழு வரை கறுப்பு, கறுப்பு, கறுப்பு. உச்சிப் பொழுதில் டீசல் குறைகிறது என்று அப்பா கேனை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அப்போது எட்டாவது பைப் இறங்கியது.

கழுவினேன். போசிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாக நின்றது. கல்கண்டை நசுக்கிப் போட்டது மாதிரி, ஓரத்தில் வெயில் பட்டால் கண் கூசுகிற மாதிரி. வெங்கச்சங்கல் என்போம். மேலே கரட்டு மேட்டில் கிடக்கும் வெங்கச்சங்கல் அழுக்காக, மொண்ணையாக இருக்கும். இது அப்போதுதான் பிறந்த கல். நூற்றைம்பது அடி ஆழத்துக் கல். வகுப்பில் எவன் கொண்டுவர முடியும்?

அதில் கொஞ்சம் மட்டும் எடுத்திருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. ஒரு நொறுக்கு விடாமல் பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். சாக்கில் இடம் காலியாக இருந்தால் அப்பா கேட்பார் என்று, ஏழாவது குவியலிலிருந்து ஒரு கை கறுப்பை எடுத்து எட்டாவது இடத்தில் வைத்தேன். பார்த்தால் கோடு போட்ட மாதிரி வரிசை சரியாக இருந்தது.

மாமா லீவரை விட்டுவிட்டு, துண்டைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு கத்தினார்.

"ஏண்டா மருமவனே, எட்டாவதுல பிட்டு கொஞ்சம் துள்ளுச்சு. அதுல ஏதாச்சும் மாறி வந்துச்சா?"

"இல்லீங் மாமா. கறுப்புத்தான்."

ஒன்பதாவதும் இறங்கியது. அது நிஜமாகவே கறுப்பு. அப்பா டீசலோடு வந்தார். இரண்டு பேரும் சாக்கின் முன் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். மாமா ஒவ்வொரு குவியலையும் விரலால் கிளறினார்.

"மூணுல இருந்து ஒரே பாறைங்க மச்சான். உலக்கையாட்டம் நிக்குது. இன்னி எத்தன போட்டாலும் இதுதான் வரும்."

"அப்பறம் என்ன பண்றது மாப்ளே?"

"எடுத்தற வேண்டீதுதான். வண்டிக ரோட்டுல நிக்குது."

பைப்பை மேலே உருவத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றாக வெளியே வரும். திருகிக் கழற்றி வண்டியில் அடுக்குவார்கள். இரண்டு வந்தபோது அப்பா கேட்டார், "எதைப் பாத்து மாப்ளே தண்ணி இருக்கும், இல்லைன்னு சொல்றீங்க?"

"கறுப்பு மேல கறுப்பு வந்தா இல்லீங்க. நடுவுல வெள்ளை தட்டோணும். வெங்கச்சங்கல்லு ஒரு கை வந்திருந்தாக்கூட, வண்டில மிச்சம் கெடக்கற மூணு பைப்பையும் எறக்கிட்டுத்தான் நானு கெளம்பியிருப்பேன். வண்டிக போனாப் போகட்டும்னு. வெள்ளையும் தண்ணியும் சோடிங்க மச்சான்."

அப்போது என் கை பைக்குள் இருந்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நான் இத்தனை வருசமும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரண்டு பைப் வெளியே, ஏழு உள்ளே. இப்போது சொன்னால் போதும். அடுத்த பைப் வந்ததும் சொல்வோம் என்று நினைத்தேன். மூன்றாவது வந்தது. எல்லாருக்கும் முன்னால் அப்பா அடிப்பாரே என்று இருந்தது. அவர் என்னை ஒரு நாளும் அடித்தவர் இல்லை. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். நாலாவது. கல்லை வாங்கிக்கொள்வார்களே என்றும் இருந்தது. ஐந்தாவது வரும்போது அம்மா சோற்றுக் கூடையோடு வந்துவிட்டாள். ஆறாவது, ஏழாவது. கம்ப்ரசரை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒன்பதும் வெளியே வந்துவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமா, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். "வண்டில ஒரு ஆள் கொறையுதுங்க. மச்சான் வந்தா ஆறு மாசம் ஓட்டிரலாம்."

அப்பா கிணற்றுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "வாரேன்" என்றார். அவ்வளவுதான். அம்மா வீட்டுக்கு ஓடி ஒரு மஞ்சப்பையில் இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் எடுத்து வந்தாள். "ஏனுங்க, வெந்நி வெச்சுக் குடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஏறுவதற்கு முன் அப்பா என் தலையில் கை வைத்தார். தலை முழுக்கக் கல்பொடி.

"சாமி, வரிசை நல்லா வெச்சிருந்த. படிக்கற பையன் வேலைன்னு மாமாகூடச் சொன்னாரு. போற ஊருல எல்லாம் உனக்குக் கல்லு கொண்டாரேன்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்த வெள்ளை நொறுக்குகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எழுந்து நின்றுவிட்டார். ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு என்னையே சீட்டு எழுதச் சொன்னார். "வெங்கச்சங்கல். எங்கள் தோட்டம். 150 அடி" என்று எழுதினேன். காடு என்று எழுதக் கை வரவில்லை. வாத்தியார் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். அலமாரிக்குள் அது கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டு இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார இடம் தேடி, நான் பெஞ்சு மாறினேன்.

அடுத்த கோடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் துளை போட்டார். எங்கள் குச்சி நட்ட இடத்திலிருந்து கூப்பிடு தூரம். நூற்று அறுபதில் வெள்ளை தட்டியது. இன்னும் ஒரு பைப் போனதும் தண்ணீர் பனைமர உயரம் எழுந்தது. ஊரே போய் நனைந்தது. நானும் போய் நனைந்தேன். அந்தத் தண்ணீர் இலேசாக உப்புக் கரித்தது. அதை இன்னும் நாக்கு மறக்கவில்லை. அம்மா அங்கேதான் குடம் கொண்டுபோனாள். நீங்களும் போடுங்கள் என்று சொன்னவர்களிடம், "எங்களது ஒரே பாறைங்க, கண்ணால பாத்தாச்சு" என்றாள். அவள் பார்த்தது நான் வைத்த வரிசையை.

பழி தேங்காய்க்காரர் மேல் விழுந்தது. தேங்காயைத் தப்பான பக்கம் பிடித்தார், அவர் கை ராசி போச்சு என்று பேசினார்கள். அவர் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, தேங்கா நின்னுச்சு. நானாத் தூக்கி நிறுத்துலீங்க. அதை மட்டும் சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன்."

அம்மா மோர் கொடுத்தாள். நான் உள்ளே வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி இருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தேங்காய்க்கு நீரோட்டம் தெரியுமா, எனக்குத் தெரியாது. அவர் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆறு மாசம் என்று போன அப்பா இருபத்தொரு வருசம் ரிக்கில் ஓடினார். மழைக்காலத்தில் வண்டிகள் ஊர் திரும்பும். ரோட்டில் டீசல் வாசம் வந்தாலே வாசலுக்கு ஓடுவேன். பாதி நாள் அது வேறு யார் வண்டியாவது இருக்கும். ஐப்பசி அடைமழையில் தாடியும் கறுத்த முகமுமாக அவர் இறங்குவார். குளித்து முடிப்பதற்கு முன்னாலேயே பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். செய்தித்தாளில் சுற்றிய கல். மூன்றாவது படித்தவர், அதன்மேல் அவரே எழுதியிருப்பார். "செவப்பு மணல் கல்லு. 210 அடி." "பணியாரமாட்டம் ஓட்ட கருப்பு கல்லு. ஊர் பேர் வாயில நொளையல." "பச்ச கல்லு. தண்ணி உண்டு."

'தண்ணி உண்டு' என்று அவர் எழுதியதைப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள்.

கல் என்றால் இவனுக்கு உயிர் என்று எல்லாரிடமும் சொல்வார். எனக்குக் கல்லே பிடிக்காமல் போயிருந்தது. அவர் தங்குகிற இரண்டு மூன்று மாசத்தில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போக வேண்டும் என்பதுதான் எனக்கு. தை பிறந்து வண்டி கிளம்பும்போது, போகாதீங்க என்று சொல்ல வாய் வரும். போகாதீங்க என்று சொல்வதற்கு என்னைவிடத் தகுதி குறைந்தவன் யார்? சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை போவேன்.

இப்போது உன் பாடப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். கரும்பாறை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதில் விரிசல் விடும். ஒரு காலத்தில் அந்த விரிசல் வழியாகச் சூடான தண்ணீர் ஓடும். அதில் கரைந்திருந்த சத்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து வெள்ளைக் கல்லாகும். குவார்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. அந்த ஓரமாகவே பாறை மறுபடியும் விரியும். மழைத் தண்ணீர் அங்கே இறங்கி நிற்கும். மாமா சோடி என்று சொன்னது இதைத்தான். ஆண்டவன் பாறைக்குள் எழுதிவைத்த அடையாளத்தை நான் பொறுக்கி டவுசரில் போட்டுக்கொண்டேன்.

மூன்று ஏக்கரையும் பிறகு விற்றோம். அங்கே கோழிப்பண்ணை இருக்கிறது. அப்பா ஊரோடு வந்தபோது கம்ப்ரசர் அவர் காதை வாங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் இந்தப் பெட்டிக்குத் தடுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். இருபத்துமூன்று கல்லையும் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். என்னால் முடியவில்லை. சொன்னேன்.

"என்னது?" என்றார்.

மறுபடியும் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லு சாமி."

இத்தனை வருசம் யாருக்கும் கேட்காமல் வைத்திருந்ததைத் தெருவில் நின்று கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எட்டாவது பைப்பில் வெள்ளை வந்தது, நான்தான் எடுத்துக்கொண்டேன், மாமா கேட்டபோது பொய் சொன்னேன் என்று கத்தினேன். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அப்பா கையிலிருந்த கல்லை இன்னொரு தடவை துடைத்தார். பிறகு கேட்டார்.

"அந்தக் கல்லு எப்படி இருந்துச்சு?"

"கல்கண்டாட்டம் இருந்துச்சுங்கப்பா."

"கல்கண்டாட்டம்." தலையை ஆட்டினார். "அப்படின்னாத் தண்ணி இருந்திருக்கும்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. துடைத்த கல்லை என்னிடம் கொடுத்துவிட்டு, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு எடம் உடு சாமி. அதுக்கு."

அந்தக் குப்பியைத் தேடி நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பழைய கட்டடத்தை இடித்துப் புதுசு கட்டியிருந்தார்கள். அலமாரி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நொறுக்குகள் ஏதாவது சுவர் மண்ணில் கிடக்கும். அப்பா போய் இரண்டு வருசம் ஆகிறது. அவர் இருக்கும்போதே தேடியிருந்தால் கிடைத்திருக்கலாம்.

அதனால், கண்ணு, ஐந்து கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே. பெட்டியோடு கொண்டுபோ. காலி இடத்தில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி வை: வெங்கச்சங்கல். எங்கள் தோட்டம். 150 அடி. தண்ணி உண்டு.

கல் எங்கே என்று டீச்சர் கேட்பார். கேட்டால் சொல்லிவிடு. சத்தமாகவே சொல்.